குரவைக்கு வைத்த வெளிச்சம்

சாய்ந்தமருதில் ஸுல்பிகாவின் வீட்டில் சின்ன அறை ஒன்று இருக்கிறது. அதன் வாசலில் தடித்த பச்சைத் திரைச்சீலை தொங்கும். அந்தத் திரைக்கு அப்பால் அவளுடைய கணவன் முனாப் காலடி வைத்ததே இல்லை. இருவருக்கும் இடையில் கோபதாபம் ஒன்றும் கிடையாது. உள்ளே கணினியில் ஊர்ப் பெண்கள் முக்காடு இல்லாமல், தலை நிறையப் பூவும் கழுத்து நிறைய நகையுமாகச் சிரித்துக்கொண்டிருப்பார்கள், அதுதான் காரணம்.

கல்யாண வீட்டில் பெண்கள் பக்கத்தை ஒரு பெண்தான் படம் பிடிக்க வேண்டும், அந்தப் படத்தை வெட்டி ஒட்டுகிறவரும் ஒரு பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பல நினைக்கின்றன. ஆண்கள் பக்கத்துப் படம் கல்முனை பஸாரில் உள்ள ஏதாவது ஸ்டூடியோவுக்குப் போகும். பெண்கள் பக்கத்துப் படம் ஸுல்பிகாவின் பச்சைத் திரைக்குள் போகும். கல்முனைக்குடியிலிருந்தும் மருதமுனையிலிருந்தும் அவளைத் தேடி வருகிறார்கள். படம் அழகாக இருப்பதற்காக மட்டும் வருகிறார்கள் என்று சொல்ல முடியாது. அவளிடம் கொடுத்த படம் வேறு கண்ணில் படாது என்ற நிம்மதிக்காகவும் வருகிறார்கள்.

முச்சக்கரவண்டி ஓட்டும் முனாப், ஓட்டம் இல்லாத நேரங்களில் திரைக்கு இந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருப்பான். தேத்தண்ணிக் கோப்பையைத் திரைக்குக் கீழால் தள்ளிவிடுவான். உள்ளே நடக்கும் கல்யாணங்களை எல்லாம் காதால் கேட்பான்.

"ஊருக்குள்ள எல்லாக் கலியாணத்துக்கும் நான் போயிரிக்கன்," என்று சக சாரதிகளிடம் சொல்லுவான். "ஆனா ஒரு பொம்புளயையும் கண்டதில்ல."

ஸுல்பிகா இந்தத் தொழிலுக்கு வந்தது தற்செயல். உயர்தரம் படித்துவிட்டு வீட்டில் இருந்த காலத்தில் மச்சாள் ஒருத்தியின் கல்யாணப் படத்தை ஸ்டூடியோக்காரன் தொலைத்துவிட்டான். மிஞ்சியது உறவுப் பெண்களின் கைபேசிகளில் இருந்த துண்டு துணுக்குகள்தான். அவற்றை ஒன்றாகக் கோத்துக் கொடுக்கத்தான் அவள் முதன்முதலில் கணினியின் முன் உட்கார்ந்தாள். அவளுடைய தாயின் கல்யாணப் படங்கள் சுனாமியோடு போய்விட்டன. தாய் மணப்பெண்ணாக எப்படி இருந்தாள் என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது. மச்சாளின் படத்துக்காக அவள் அவ்வளவு மினக்கெட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்த முதல் வேலையில் அவள் கண்ட ஒன்று அவளை விட்டு நீங்கவில்லை. படத்துக்குக் கீழே, நீளமான பட்டையில், சத்தம் ஒரு கோடாகக் கிடந்தது. பேச்சு வந்த இடத்தில் கோடு வீங்கியது. அமைதியில் மெலிந்தது. யாரோ கைதட்டிய இடத்தில் முள்ளாய் எழும்பி நின்றது. சத்தத்தைக் கண்ணால் பார்க்க முடியும் என்று அதுவரை அவளுக்கு யாரும் சொன்னதில்லை. நெடுநேரம் படத்தைப் பார்க்காமல் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு 'மின்னல்' வந்தது. பாட்டின் அடிக்கு ஏற்பப் படம் பளிச்சிட்டு அடங்கும் வேலைக்கு ஊரில் வைத்த பெயர் அது. கோட்டில் அடி எழும்பும் இடங்களைப் பார்த்து ஒவ்வொன்றிலும் ஒரு குறி வைக்க வேண்டும். குறி வைத்த இடத்தில் படத்தின் மேல் வெள்ளைப் படலம் ஒன்றைப் போட்டு, கண் சிமிட்டும் நேரத்துக்குள் மங்க விட வேண்டும். குறி ஒரு மயிரிழை பிந்தினாலும் பார்க்கிறவருக்கு ஏதோ இடறும். என்ன இடறியது என்று சொல்லத் தெரியாது. சரியாக விழுந்தால், பாட்டே அந்த வெளிச்சத்துக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். ஸுல்பிகாவின் மின்னல் இடறுவதில்லை என்று பெயர் எடுத்தாள். "மின்னல் வைச்சுத் தாங்க ராத்தா" என்று மணப்பெண்கள் கேட்காத கல்யாணம் குறைவு. வாத்தியம் வேண்டாம் என்கிற வீடுகளுக்கு, வெறும் குரலால் பாடிய பாட்டுகளைப் போட்டு அவற்றின் அடிக்கே மின்னல் வைப்பாள்.

இப்படியிருக்கும்போதுதான் ஒரு நாள் றிப்னா தாயோடு வந்தாள்.

றிப்னாவுக்குக் காது கேட்காது. பேச்சு வரும் வயதுக்கு முன்னரே காய்ச்சல் ஒன்று கேட்கும் திறனைக் கொண்டுபோய்விட்டது. வீட்டிலிருந்து அபாயா தைக்கிறாள். அவளுடைய கையால் தைத்த தையலில் ஒரு நூல் பிசகாது. தகப்பன் இல்லை. தாய் ஆமினா உம்மா வளர்த்த பிள்ளை. மாப்பிள்ளை ஸாஜித், பஸாரில் ஒரு கட்டடச் சாமான் கடையில் வேலை செய்கிறவன். தன் தாயின் அபாயாவைத் தைக்கக் கொடுக்க வந்து, பிறகு காரணம் இல்லாமலும் வந்து, கைச்சாடை பழகி, பெண் கேட்டுக் கட்டுகிறவன். ஆமினா உம்மா முதலில் சம்மதிக்கவில்லை. கேட்கிற பொடியன் ஒருவன் கேட்காத பிள்ளையை எத்தனை நாளைக்குப் பொறுப்பான் என்பது அவளுடைய பயம். எட்டு மாதம் இழுத்துத்தான் 'ஓம்' என்றாள்.

ஸுல்பிகா வழமையான கேள்விகளைக் கேட்டாள். பாட்டு வேண்டுமா, மின்னல் வேண்டுமா?

"பாட்டொண்டும் வேணாம் புள்ள," என்றாள் ஆமினா உம்மா. "இவள்ட சாச்சா மவுலவி. ஏசுவார். அதோட பாட்டுப் போட்டு இவளுக்கு என்னத்துக்கு?"

றிப்னா தாயின் வாயசைவைப் பார்த்துக்கொண்டே கைபேசியில் எழுதத் தொடங்கினாள். எழுதி முடித்து ஸுல்பிகாவிடம் நீட்டினாள்.

"ராத்தா, பாட்டு வேணாம். மின்னல் வேணும். என்ட சாச்சிட மகள்ற கலியாணப் படம் நீங்கதான் செஞ்ச. அதப் பாத்தன். வெளிச்சம் வந்து வந்து போன. அப்பதான் பாட்டுக்கு இடைவெளி இரிக்கிண்டு தெரிஞ்ச. நான் சத்தமெண்டா ஒரேயடியா கொட்டுற மழை எண்டு நினைச்சிருந்தன்."

ஸுல்பிகா அதை இரண்டு தரம் படித்தாள். றிப்னா கைபேசியை வாங்கி இன்னும் எழுதினாள்.

"மாப்பிள வாசலுக்கு வந்தா பொம்புளைகள் எல்லாரும் வாயத் தொறந்து நாக்க ஆட்டுறாங்க. சின்னப் புள்ளயில இருந்து பாக்கிறன். எல்லார்ட முகமும் அந்த நேரம் வேற மாதிரி ஆகும். எனக்கு என்ட கலியாணத்துக் குரவையைப் பாக்கணும்."

ஆமினா உம்மா எட்டிப் படித்துவிட்டுச் சிரித்தாள். "குரவைக்கும் போய் ஆராவது மின்னல் வைப்பாங்களாகா?"

"வைச்சுப் பாப்பம் உம்மா," என்றாள் ஸுல்பிகா. வாய் சொல்லிவிட்டது. அதை எப்படிச் செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கல்யாணம் நல்லபடி நடந்தது. அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை ஊர்வலம் வந்து சேர்ந்தது. வழக்கப்படி பெண் வீட்டு வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவத் தண்ணீர்ச் செம்பும் தாம்பாளமும் ஆயத்தமாக இருந்தன. வாசற்படிக்கு உள்ளே, முன்வரிசையில் ஐந்து பெண்கள் நின்றார்கள். நடுவில் ஆமினா உம்மா, வலது பக்கம் றிப்னாவின் தகப்பனோடு கூடப்பிறந்த அஸ்மியா மாமி, மற்ற மூவரும் நெருங்கிய சொந்தம். ஸுல்பிகா கமராவை அவர்களுடைய முகங்களுக்கு நேராகப் பிடித்தாள். ஸாஜித் படியில் கால் வைத்ததும் குரவை எழும்பியது. கமராவைப் பிடித்த கையில் ரோமம் சிலிர்த்ததை அவள் உணர்ந்தாள். எத்தனை கல்யாணம் பார்த்தாலும் அந்த இடத்தில் அவளுக்கு அப்படித்தான் ஆகும். குரவைக்காரிகளுக்குப் பின்னால், கதவோரத்தில், மணப்பெண் றிப்னா மாப்பிள்ளையைப் பார்க்காமல் அந்தப் பெண்களின் வாய்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த வாரம் பச்சைத் திரைக்குள் வேலை தொடங்கியது. சத்தத்தில் அடி விழும் இடங்களைத் தானாகத் தேடிக் குறி வைக்கும் பொத்தான் ஒன்று கணினியில் இருக்கிறது. பாட்டுக்கு அது ஓரளவு சரியாக வேலை செய்யும். குரவையைப் போட்டு அந்தப் பொத்தானை அழுத்தினாள். அழுத்தியது தவறு. அந்தப் பொத்தானைச் செய்தவர்கள் தம் வாழ்நாளில் குரவை கேட்டிருக்க மாட்டார்கள். நாக்கு உதறும் ஒவ்வொரு உதறலையும் அது ஒரு மேள அடி என்று எடுத்துக்கொண்டது. கோடு முழுக்கக் குறிகள் எறும்புச் சாரை போல நிறைந்தன. படத்தை ஓட விட்டதும் வெள்ளைப் புயல் ஒன்று அடித்தது. அவள் தலை சுற்றி, மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னகா உள்ளுக்க?" திரைக்கு வெளியிலிருந்து முனாப் கேட்டான். "வெல்டிங் வேலையும் தொடங்கிட்டியா? சீல முழுக்க வெட்டுது!"

"குரவைக்கு மின்னல் வைக்கிறன்."

"ஆருக்கும் வலிப்பு வந்திரப் போவுது. நிப்பாட்டு."

அவன் விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் உண்மை. இத்தனை வேகமான மின்னல் சிலருக்கு வலிப்பைக் கொண்டுவரும் என்பதால், எந்தக் கல்யாணத்திலும் அவள் மின்னலை அடுக்கி வைப்பதில்லை. குறிகளை எல்லாம் அழித்தாள். ஆனால் அவளைக் குத்தியது வேறொன்று. இந்த வெள்ளைப் புயலில் இடைவெளியே இல்லை. றிப்னா இவ்வளவு காலமும் நினைத்திருந்தாளே, ஒரேயடியாகக் கொட்டும் மழை என்று, அதைத்தான் அவளுக்கே திருப்பிக் கொடுப்பதாக இருக்கும்.

பொத்தானை விட்டுவிட்டுக் கோட்டைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். கணினித் திரையை ஒரே ஒரு குரவை நிறைக்கும்வரை பெரிதாக்கினாள்.

அங்கே அவள் கண்டதை முனாப்புக்குச் சொல்ல முயன்று முடியாமல் போனது. தூரத்திலிருந்து பார்த்தபோது ஒரே கட்டியாக இருந்த சத்தம், கிட்டப் போனதும் வலையாக விரிந்தது. ஒவ்வொரு நாக்கசைவும் ஒரு வலைக்கண். கண்கள் சேர்ந்து ஒரு மூச்சு. மூச்சு மெல்லிதாகத் தொடங்கி, அகன்று, ஒரு இடத்தில் நடுங்கி, பிறகு சட்டென்று அறுந்தது. அறுந்த இடத்தில் இன்னொரு பெண்ணின் மூச்சு தொடங்கியது. யாரும் யாருக்கும் சைகை காட்டவில்லை. ஒருத்திக்கு மூச்சு முடிகிற நேரம் பக்கத்தில் நிற்பவள் எடுத்துக்கொண்டாள். தன் ஊர்ப் பெண்கள் வாசலில் நின்று போடும் சத்தத்துக்குள் இப்படி ஓர் ஒழுங்கு ஓடுகிறது என்று, அதற்குள் பிறந்து வளர்ந்த ஸுல்பிகாவுக்கு அன்றுவரை தெரியாது. "யா அல்லாஹ்" என்று அவளை அறியாமல் வாயில் வந்தது.

அப்போதுதான் என்ன செய்வது என்று தெளிந்தது. முழுப் படத்தையும் மின்ன வைக்கத் தேவையில்லை. படத்தைக் கொஞ்சம் இருட்டாக்கி, ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் தனியாகச் சுற்றி வரைந்து, அவளுடைய குரல் எழும்பும்போது அந்த முகத்தில் மட்டும் வெளிச்சம் ஏற வேண்டும். குரல் அகலும்போது வெளிச்சம் அகல வேண்டும். மூச்சு அறுந்தால் அணைய வேண்டும். உதறலை நாக்கே காட்டும், அதற்கு மின்னல் வேண்டாம்.

ஒரு சிக்கல் இருந்தது. ஐந்து பேருடைய குரலும் ஒரே கோட்டில் பின்னிக் கிடந்தன. எந்த மூச்சு யாருடையது? வாயசைவைப் பார்த்துப் பார்த்துப் பிரித்தாள். பிரித்தது சரிதானா என்று சந்தேகம் வந்தபோது, திரைக்கு வெளியில் ஊர்க் குரவைகளை எல்லாம் கண்ணை மூடிக் கேட்டுப் பழகிய ஒருவன் இருப்பது நினைவுக்கு வந்தது.

"இஞ்சருங்க, இதக் கேட்டு ஆர் ஆர் எண்டு சொல்லுங்க."

முனாப் கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்தான். அவள் ஒவ்வொரு துண்டாகப் போட்டாள்.

"இது அஸ்மியா மாமி. சந்தேகமே வேணாம், கோழி கூவுற மாதிரி கடசியில ஒரு இழுப்பு. இது கட்டைக் குரல், வேற ஆள். இது மெல்லிசு, இளம் புள்ள. மறுகா ஒருக்காப் போடு... ஓம், இது நாலாவது ஆள்."

"இன்னொண்டு?"

"இன்னொண்டு இல்லயே. நாலு பேர்தான்."

"அஞ்சு பேர் நிக்கிறாங்க."

"நிக்கலாம். போடுறது நாலு பேர்."

ஸுல்பிகா படத்தைக் கடைசிவரை ஓட்டினாள். மற்ற நால்வரும் ஓய்ந்துவிட்டார்கள். நடுவில் ஆமினா உம்மா மட்டும் இன்னும் வாயை வட்டமாக வைத்து நாக்கை ஆட்டிக்கொண்டிருந்தாள். கீழே கோடு படுத்துக் கிடந்தது. தாம்பாளத்தில் செம்பு இடித்த சத்தம் மட்டும் சின்ன முள்ளாய் நின்றது. குரவை இல்லை. மகளுடைய கல்யாணத்தில், மாப்பிள்ளை படியேறும் நேரத்தில், தாய் வாயை மட்டும் அசைத்திருக்கிறாள்.

ஸுல்பிகா சுட்டியிலிருந்து கையை எடுத்தாள். ஆமினா உம்மா எட்டு மாதம் சம்மதிக்காமல் இருந்த கதை ஊருக்கே தெரியும்.

"என்ன, சத்தத்தைக் காணல்ல?" என்றான் முனாப்.

அவள் சொன்னாள். அவன் சற்று யோசித்துவிட்டு, "உம்மாட முகத்துலயும் ஒரு வெளிச்சத்தப் போட்டு உடு. அந்தப் புள்ளைக்குத் தெரியவா போவுது?" என்றான்.

"அதான் போடேலாது."

"ஏங்கா? நல்லதுக்குத்தானே?"

"காது கேக்கிற ஆளுக்கு நான் பொய்யா வெளிச்சம் போட்டா அவங்க கண்டுபுடிச்சிருவாங்க. அவளுக்குக் கண்டுபுடிக்க வழி இல்ல. நான் போட்டதுதான் அவளுக்குச் சத்தம். இல்லாத சத்தத்த நான் எப்பிடி இரிக்கிண்டு காட்டுற?"

திரைக்கு வெளியில் முனாப் தேத்தண்ணி குடிக்கும் சத்தம் கேட்டது.

நான்கு முகங்களுக்கும் அவள் கையால் குறி வைத்தாள். ஒவ்வொரு மூச்சின் தொடக்கத்தையும் முடிவையும் பார்த்துப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றி இறக்கினாள். வேலை நாள்கணக்கில் போனது. நடுவில் இருந்த ஐந்தாவது முகத்தை இருட்டிலேயே விட்டாள். றிப்னா அதைக் கவனிக்காமல் விட்டுவிட மாட்டாளா என்று ஒரு பக்கம் மனம் கேட்டது. ஒரு நூல் பிசகினாலும் காணும் கண்கள் அவை என்று மறு பக்கம் தெரிந்தே இருந்தது.

ஸுல்பிகா படத்தை றிப்னாவின் வீட்டுக்குக் கொண்டுபோன அன்று பின்னேரம். வீட்டுச் சன்னல்களுக்கு அஸ்மியா மாமி தாவணிகளைச் செருகி அறையை இருட்டாக்கினாள். ஸாஜித் கடைக்குப் போயிருந்தான். அந்த வீடு இப்போது வழக்கப்படி மகளுக்குக் கொடுத்த வீடு. ஆமினா உம்மா பின்னால் புதிதாகக் கட்டிய ஒற்றை அறைக்கு மாறியிருந்தாள். தொலைக்காட்சிக்கு முன்னால் பாய் விரித்து றிப்னாவும் தாயும் அஸ்மியா மாமியும் ஸுல்பிகாவும் உட்கார்ந்தார்கள்.

வாசல் காட்சி வந்தது. படம் மங்கியது. முதலில் இளம் பெண்ணின் முகத்தில் வெளிச்சம் மெல்ல ஏறியது. அது அகன்று நடுங்கி அணையும் நேரம், பக்கத்து முகம் ஏற்றது. பிறகு இரண்டு முகங்கள் ஒன்றாக எரிந்தன. பிறகு அஸ்மியா மாமியின் முகம் எல்லாவற்றையும் மீறி எழும்பியது.

"அடி என்ட வாப்பா!" என்று அவள் கத்தினாள். "என்ட மூஞ்சி பெற்றோல்மாக்ஸ் மாதிரி எரியுதுகா!"

றிப்னா சிரிக்கவில்லை. எழும்பித் தொலைக்காட்சிக்குக் கிட்டப் போய் மண்டியிட்டு உட்கார்ந்தாள். வெளிச்சம் ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குப் போகும்போது அவளுடைய விரலும் காற்றில் கூடவே போனது. காட்சி முடிந்ததும் மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும். மூன்றாம் தரம் அவளுடைய மூச்சே அந்த வெளிச்சத்தோடு ஏறி இறங்கியது. சிறுவயது முதல் எத்தனை வாசல்களில் நின்று இந்த முகங்களைப் பார்த்திருப்பாள் இந்தப் பெண். இன்றுதான் அது அவளிடம் வந்து சேர்கிறது.

திடீரென்று றிப்னா படத்தை நிறுத்தினாள். நடுவில் இருந்த முகத்தைத் தொட்டாள். திரும்பித் தாயைப் பார்த்து, விரித்த கையை மூடிக் காட்டினாள். வெளிச்சம் இல்லை.

ஆமினா உம்மா தலை குனிந்தாள்.

றிப்னா கைபேசியில் எழுதினாள். நேரே தாயின் முகத்துக்கு முன்னால் பிடித்தாள். பக்கத்தில் இருந்த ஸுல்பிகாவுக்கும் அது தெரிந்தது.

"நீங்க குரவ போடல்ல. ஸாஜித்த உங்களுக்கு இன்னமும் புடிக்கல்ல."

ஒரு முகத்தை இருட்டில் விட்டது இந்த வீட்டைப் பிளந்துவிடுமோ என்று ஸுல்பிகா பயந்தாள். ஆனாலும் பொய்யாக ஒரு வெளிச்சம் போட்டிருக்கலாமே என்று அவளால் நினைக்க முடியவில்லை.

"கதைங்க மதினி," என்றாள் அஸ்மியா மாமி. குரலில் கோபம் இருந்தது. "நான் பக்கத்துல நிண்டும் எனக்கு விளங்கல்ல. நீங்க போடல்லயா? பெத்த புள்ளைக்கு?"

ஆமினா உம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று ஸுல்பிகா நினைத்தாள்.

"பல்லுகா," என்றாள் கையை எடுக்காமலே.

"என்ன?"

"பல்லு! மேல்பல்லு! இவள்தானே கரச்சல் தந்த, படத்துல பொக்க வாயோட நிக்காதீங்க, பல்லுக் கட்டுங்க எண்டு. கலியாணத்துக்கு முந்தின கிழமதானே கட்டின. மாப்பிள படியில கால வைக்கிறார், நான் நாக்கச் சுழட்டுறன், பல்லுச் செட்டு அப்பிடியே கிளம்பி வருது! சத்தம் போட்டிருந்தா எங்க போய் விழுந்திருக்கும்? கால் கழுவுற தாம்பாளத்துக்க! மாமிட பல்லு தண்ணிக்குள்ள கிடந்தா அந்தப் பொடியன் வீட்டுக்குள்ள வந்திருப்பானா? மேல் உதட்டால அமத்திப் புடிச்சிக்கு நாக்க மட்டும் ஆட்டின நான். குரவ நெஞ்சுக்குள்ள நிண்டு திணறின அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

அஸ்மியா மாமி பாயில் சரிந்து விழுந்து சிரித்தாள். அழுகையும் சிரிப்புமாக இருந்த ஆமினா உம்மா, றிப்னாவுக்கு வாய்ப்பேச்சு போதாது என்று கண்டு, பல்லுச் செட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தாள். அதை வாயருகே கொண்டுபோய், குரவை போடுவது போல நாக்கை ஆட்டி, செட்டைக் காற்றில் பறக்க விட்டு, பாயில் விழ வைத்து, ஸாஜித் துள்ளிக் குதிப்பது போலத் தானே எழும்பிக் குதித்தும் காட்டினாள்.

றிப்னாவின் முகம் கலைந்து சிரிப்பு வந்தது. ஆனால் சிரிப்பு அடங்கியதும் அவள் மறுபடி எழுதினாள்.

"அப்ப இப்ப போடுங்க. நான் பாக்கணும்."

"இப்பயா?" ஆமினா உம்மா திகைத்தாள். "மாப்பிள வாசலுக்கு வராம குரவ போடுறதா? சும்மா இரிக்கிற வீட்டுல போட்டா அக்கம்பக்கம் என்ன நினைக்கும்? அதுக்கெண்டு ஒரு நேரம் இரிக்கி புள்ள."

றிப்னா விட்டுக்கொடுக்கவில்லை. தாயும் விட்டுக்கொடுக்கவில்லை. இருவருடைய கைகளும் சண்டை பிடித்துக்கொண்டன. ஸுல்பிகா பேசாமல் தன் கைபேசியை எடுத்து, குரல் பதிகிற செயலியைத் திறந்து வைத்தாள். சத்தம் வரும்போதே கோடு எழும்பி ஓடும் செயலி அது. றிப்னாவின் கையில் அதைக் கொடுத்து, விரலால் மேசையைத் தட்டிக் காட்டினாள். கோட்டில் முள் எழும்பியது. றிப்னா தானும் தட்டினாள். இன்னொரு முள். அவள் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தாயைப் பார்த்தாள்.

"வாரான்," என்றாள் அஸ்மியா மாமி சன்னல் தாவணியை விலக்கி. "கேற்றடியில சைக்கிள வைக்கிறான். மாப்பிளதான் வாரான் மதினி, இனி என்ன நொண்டிச் சாட்டு?"

ஸாஜித் ஒரு கையில் மீன் பையும் சட்டையில் சுண்ணாம்புத் தூளுமாக வந்தான். வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தவன், இருட்டறைக்குள் நான்கு பெண்களும் தன்னையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு அப்படியே நின்றான்.

ஆமினா உம்மா பல்லுச் செட்டை அஸ்மியா மாமியின் கையில் திணித்தாள். முக்காட்டை இழுத்துச் சரி செய்தாள். மருமகனை ஒரு முறை நன்றாகப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

மற்ற நால்வருடைய குரவையையும் நாட்கணக்கில் கேட்டிருந்த ஸுல்பிகா இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. பல் இல்லாத வாயிலிருந்து அது தடையில்லாமல் வந்தது. மெல்லிதாகத் தொடங்கவும் இல்லை. எடுத்த எடுப்பிலேயே முழுதாக எழும்பி, அறையின் ஓட்டில் மோதி, வாசலால் ஒழுங்கைக்குப் போனது. பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

ஸாஜித்தின் கையிலிருந்த மீன் பை தாழ்ந்தது. "மாமி, என்ன மாமி, என்ன நடந்த?" என்று கேட்டான்.

றிப்னா அவன் பக்கம் திரும்பவில்லை. கைபேசியில் கோடு கரை நிரம்ப விரிந்து ஓடிக்கொண்டிருந்தது. அவள் தாயின் வாயை ஒரு கண்ணும் கோட்டை ஒரு கண்ணுமாகப் பார்த்தாள். ஓரிடத்தில் கோடு நடுங்கியது. றிப்னா சட்டென்று தாயின் கண்களைப் பார்த்தாள். அவை நிரம்பியிருந்தன. மறுபடி கோட்டைப் பார்த்தாள். அது மெலிந்து, மெலிந்து, ஒரு இழையாகி, அறுந்தது.

தாய் மூச்சு வாங்க நின்றாள். அந்த அமைதியும் கோட்டில் தெரிந்தது. றிப்னா அதைத் தொட்டுப் பார்த்தாள்.

பிறகு அவள் படியில் நின்றவனிடம் போய், மூடிய கையை அவன் முகத்துக்கு முன்னால் பிடித்து, விரல் விரலாக விரித்துக் காட்டினாள். ஸாஜித்துக்கு அந்தச் சாடை புதிது. விளங்காமல் அவளையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்தான். உள்ளே ஆமினா உம்மா, இன்னும் ஒரு தரம் போடுவதற்காக நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள்.